ஒரு சாண் இறங்கிய கொடிக்கயிறு

பூட்டு என்றுதான் அவனை எல்லாரும் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த நல்ல பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பள்ளிக்கூடச் சான்றிதழோடு பெட்டிக்கு அடியில் கிடந்தது. கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிறவனுக்கு ஊர்க்கதை எல்லாம் தெரிந்திருக்கும், வாயைக் கிளறினால் கொட்டும் என்று நம்பி வந்தவர்கள் எல்லாரும் ஏமாந்து போனார்கள். பெரிய ஓட்டல் ஒன்று, லாட்ஜுகள் ஐந்து. இத்தனையின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் அவன் கையைத் தாண்டித்தான் போகும். எந்த அறையில் யார் ராத்திரி முழுக்க அழுதார்கள், யாருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, எந்தப் புதுமாப்பிள்ளை தரையில் படுத்தான், எல்லாம் அவனுக்குத் தெரியும். துணி மறைக்காது. கேட்டால் "கறை போயிடும், நாளைக்கு வாங்க" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. லாட்ஜ் மேனேஜர் ஒருவர் தன் மச்சினனைப் பற்றி அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, ஒன்றும் பெயராமல், "இவன் ஆளே இல்லய்யா, பூட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் அவன் மனைவி அவனைக் கட்டிக்கொண்டாள் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் இந்தக் கடைக்கு வாடிக்கையாக வந்தவள். அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் போய்விடுவாள். மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. முதலில் வேறொரு கடையில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன வியாதி, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நாலு பேர் நடுவில் கேட்டானாம். பூட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மாதம் வாங்கினான், ஏழு மாதமும் வெள்ளைவெளேரென்று மடித்துக் கொடுத்தான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கடைசி மூட்டையை வாங்க வந்தவள், பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தால், வேலைக்கு ஆள் வராமல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. எழுந்து ஒன்றின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மறுநுனியை அவன் பிடித்தான். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, பாருங்கள். இரண்டு பேரும் தலைக்கு மேல் தூக்கி, உதறி, எட்டு வைத்துக் கிட்டே வந்து, நுனியை நுனியோடு சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி கிட்டே வர வேண்டும். அன்றைக்கு நாற்பது விரிப்பு மடித்தார்கள். நாற்பது தடவை கிட்டே வந்தால் கல்யாணம் ஆகாமல் என்ன செய்யும்.

இதை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவள் அவன் தங்கச்சி. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்து வாலிபால் டீமில் இருந்தாள். ஆள் குள்ளம், ஆனால் தரையில் விழப் போகிற எதையும் விழ விடமாட்டாள். புதிதாக வந்த அக்கா, ஸ்டூல் போடாமல் உச்சிக் கொடியில் விரிப்பை வீசுகிறாள் என்பதைக் கவனித்துவிட்டு, "அக்கா, நீங்க நல்லா எகிறுவீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் விடிவதற்குள் கடற்கரைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இற்றுப்போன கொடிக்கயிற்றை மணலில் பரப்பி நாலு பக்கக் கோடாக்கினார்கள். அண்ணியாவதற்கு முன்பே ஜோடியாகிவிட்டார்கள்.

கடற்கரை வாலிபாலில் பக்கத்துக்கு இரண்டே பேர். மாற்று ஆள் கிடையாது. நடுவில் யாரும் வந்து யோசனை சொல்லக் கூடாது. அண்ணி உயரம், வலையோரம் எகிறி மறிப்பாள். தங்கச்சி பின்னால் நின்று மணலில் விழுந்து புரண்டு எடுப்பாள். முன்னால் நிற்பவள் எதிராளிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் கோட்டோரம் நான் மறிக்கிறேன், இரண்டு என்றால் குறுக்கே மறிக்கிறேன், மிச்சம் உன் பாடு. சர்வீஸை யாருக்குப் போட வேண்டும் என்பதைக் கட்டைவிரல் சொல்லும். இந்த விரல் பாஷை வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. ஓட்டல்காரர் வந்து நாளைக்கே இருநூறு துண்டு வேண்டும் என்று நின்றால், அண்ணி சிரித்த முகமாகப் பேசிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை மடக்கிக் காட்டுவாள். முடியாது என்று சொல்கிற வேலை தங்கச்சியுடையது. ஒருநாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே இரண்டு விரலைக் காட்ட, தங்கச்சி ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்தினாள். பூட்டுக்கு இன்றுவரை அது என்ன என்று தெரியாது. அவன் கேட்கவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சர்வதேசப் போட்டி அவர்கள் கடற்கரைக்கே வந்தது. பதினாறு ஜோடி, பதினோரு நாடு. ஊருக்கென்று ஒரு இடம் ஒதுக்கி, அதற்கு ஒரு தகுதிப் போட்டி வைத்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் அதில் ஜெயித்துவிட்டார்கள். கூத்து என்னவென்றால், வெளிநாட்டுக்காரிகள் தங்கிய ஓட்டல் பூட்டு துணி எடுக்கிற அதே ஓட்டல். காலையில் கோர்ட்டில் யாரோடு மல்லுக்கட்டினார்களோ, அவள் வியர்வை துடைத்த துண்டையே சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து மடித்தார்கள். "இந்தத் தொடப்பக்கட்டை என்னை இருபத்தியோரு தடவை மண்ணைக் கவ்வ வெச்சா, அவ துண்டுக்கு நான் பூப்போல இஸ்திரி போடணுமாக்கும்" என்பாள் தங்கச்சி. அண்ணி சிரித்துக்கொண்டே, மடிப்பு சரியில்லை என்று அதைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வாள்.

முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. மூன்றாவதில் ஜெயித்தால் கடைசி எட்டுக்குள் போகலாம். எட்டுக்குள் வந்துவிட்டால் அடுத்த மாதம் வேறொரு நாட்டில் நடக்கும் போட்டிக்குத் தானாக இடம் கிடைக்கும். கப்பலோ விமானமோ, அண்ணி இதுவரை எதிலும் ஏறியதில்லை. வயது முப்பத்து நாலு. இந்த மாதிரி ஒரு வாய்ப்பு இனி அவளைத் தேடி வரப் போவதில்லை என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் தெரியாத சங்கதி இன்னொன்று இருந்தது. நாற்பது நாளைக்கு முன்னால், பூட்டு வீட்டுத் துணியை ஊறப்போடும்போது மனைவியின் சட்டையில் வலது தோள் பக்கம் மட்டும் தைல வாடை அடித்தது. அடுத்த நாள் தலையணை உறையில், வலது ஓரத்தில். அதற்கடுத்த நாள் அவளே அந்தச் சட்டையைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்து காயப்போட்டிருந்தாள். அவள் சட்டையை அவளே துவைப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். அவனுக்குப் புரிந்துவிட்டது. தோள் போயிருக்கிறது, மறைக்கிறாள். மறைக்கிறவளைக் கேட்டுச் சங்கடப்படுத்துவது அவன் சுபாவத்திலேயே இல்லை. அன்று சாயங்காலம் அவள் கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில் கொல்லையில் உச்சிக் கொடிக்கயிற்றை அவிழ்த்து ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினான். பெரிய விரிப்புகளைத் தலைக்கு மேல் தூக்கி மடிப்பதை விட்டு, மேஜை மேல் பரப்பி மடிக்க ஆரம்பித்தான். "ஆட்டம் முடியிற வரைக்கும் நீ சின்னத் துண்டப் பாத்துக்க, பெருசு எல்லாம் அண்ணியும் நானும் பாத்துக்கிறோம்" என்று தங்கச்சியை ஒதுக்கி வைத்தான். கோர்ட்டில் அண்ணி ஓங்கி அடிப்பதை நிறுத்திவிட்டு, பந்தை நோகாமல் காலியிடம் பார்த்துப் போட ஆரம்பித்தாள். தங்கச்சி அதைப் புதுத் தந்திரம் என்று நினைத்துப் பாராட்டினாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மனைவி துணி ஏற்றுகிற வேன்காரரோடு ஓட்டலுக்குப் போயிருந்தாள். பூட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சி மேஜை ஓரமாக உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவித்த முட்டை அப்படியே கிடந்தது. முட்டையை மிச்சம் வைக்கிற பெண் இல்லை அவள்.

நாளைக்கு எதிரே வரப் போகிற ஜோடிக்கு இவர்களே பேர் வைத்திருந்தார்கள். ஒருத்தி நெட்டைக்காரி, இன்னொருத்தி ரிப்பன்காரி. நெட்டைக்காரி எகிறாமல் சும்மா நின்று கையைத் தூக்கினாலே வலைக்கு மேல் மணிக்கட்டு தெரிகிறது என்றாள் தங்கச்சி. எங்கே அடித்தாலும் அங்கே அவள் கை இருக்கிறதாம். நெட்டைக்காரி ஆடின இரண்டு ஆட்டத்தையும் தங்கச்சி பார்த்துவிட்டாளாம், ஒரு ஓட்டையும் தென்படவில்லையாம்.

"அண்ணிக்கு இது கடைசிண்ணா," என்றாள். "எனக்கு இன்னும் வயசிருக்கு, வேற ஜோடி சேத்துக்கலாம். அண்ணிக்கு யாரு இருக்கா? என்னால தோத்துச்சுன்னா நான் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன்?"

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அவள் அழுது அவன் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பூட்டுக்குப் பின்னால் அலமாரியில் பன்னிரண்டாம் நம்பர் அறைப் பை இருந்தது. அறை அறையாகச் சீட்டுக் கட்டி வருகிற உடுப்புப் பைகளில் ஒன்று, நெட்டைக்காரியுடையது. காலையில் அதைப் பிரித்தபோது மணலில் போடுகிற நீளமான சாக்ஸ் ஜோடி ஒன்று வந்தது. வலது கால் சாக்ஸ் முழுசாக இருந்தது. இடது கால் சாக்ஸை மேலிருந்து கணுக்கால் வரை கத்தரியால் வெட்டியிருந்தார்கள். வீங்கின காலை நுழைப்பதற்கென்று வெட்டின வெட்டு. உள்பக்கம் மஞ்சளாக மருந்துக் கறை. எப்போதும் போலக் கறையை எடுத்து, காயப்போட்டு, பைக்குள் வைத்துவிட்டு அதை மறந்தும் விட்டிருந்தான்.

இப்போது ஞாபகம் வந்தது. ஊர்பேர் தெரியாதவள், அடுத்த வாரம் விமானம் ஏறிப் போய்விடுவாள், இவளோ கூடப் பிறந்தவள். இருபது வருஷமாக ஒரு கறையைக்கூட வெளியே சொல்லாத மனிதன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அவளுக்கு எடது கால் சரியில்ல," என்றான்.

"யாருக்கு?"

"நெட்டைக்கு. சர்வீஸக் கொறச்சுப் போடு, வலையோரமா, அவளுக்கு எடது பக்கம். முன்னால ஓடி வர முடியாது அவளால."

தங்கச்சி தலையைத் தூக்கினாள். அவன் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியதைப் பார்த்தாள். சலவைக்கடையில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முட்டையை எடுத்து இரண்டே கடியில் தின்றாள்.

"அண்ணிகிட்டச் சொல்லாத," என்றான் பூட்டு. அப்படிச் சொன்னதிலிருந்தே தெரிகிறதல்லவா, தான் செய்தது இன்னது என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் காலை கடையைப் பலகை மாட்டி மூடிவிட்டுப் போனான். சவுக்குக் கம்பும் பலகையுமாக எழுப்பின பார்வையாளர் படிக்கட்டில், வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடம்தான் கிடைத்தது. ஊர்ச்சனம் முழுக்க வந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் அண்ணி, நாத்தனார் என்ற உறவைச் சொல்லிச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் சண்டை போட வேண்டியவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள் என்றார். மணல் அதற்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தது. வேலையாள் ஒருவர் குழாயை வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்.

முதல் செட் இருபத்தொன்றுக்குப் பதினாலில் போயிற்று. தங்கச்சிக்கு அண்ணன் சொன்னதைச் செய்யக் கை வரவில்லை போலும். வழக்கம் போலத்தான் ஆடினாள். நெட்டைக்காரி சுவர் மாதிரி நின்றாள். கால் சரியில்லாதவள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

இரண்டாவது செட்டில் மூன்று பாயிண்ட் பின்தங்கிய பிறகு, தங்கச்சி பந்தைக் கையில் உருட்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சர்வீஸை வலையைத் தாண்டினதும் விழுகிற மாதிரி, நெட்டைக்காரியின் இடது பக்கம் போட்டாள். நெட்டைக்காரி முன்னால் பாய்ந்தாள். கால் மணலில் புதைந்தது, பந்து விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்ததும். நாலாவது தடவை நெட்டைக்காரி எட்டி எடுத்துவிட்டாள், ஆனால் எழுந்து எகிறும்போது முகம் கோணியது. கூட்டம் ஆரவாரித்தது. ஆறாவது தடவை அவள் விழுந்து, எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். இருபத்தொன்றுக்குப் பதினேழு. செட் இவர்களுக்கு.

பூட்டு கை தட்டவில்லை. வலையோரம் நின்ற தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பந்தின்போது அவள் நெட்டைக்காரியின் காலைப் பார்த்தாள். ஆறாவதின்போது திரும்பித் தங்கச்சியைப் பார்த்தாள். செட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தவள், குடிக்காமல் என்னவோ கேட்டாள். தங்கச்சி மணலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். அண்ணி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் அவனை நேராகக் கண்டுபிடித்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான்.

அங்கே நடந்த பேச்சைத் தங்கச்சி பிறகு சொன்னாள். எப்படித் தெரியும் என்று அண்ணி கேட்டாளாம். அண்ணன்தான் என்றாளாம் இவள். அண்ணி வேறு ஒன்றுமே பேசவில்லையாம். "இனிமே அவளுக்குப் போடாத" என்று மட்டும் சொன்னாளாம்.

மூன்றாவது செட் பதினைந்து பாயிண்ட். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் ரிப்பன்காரி பக்கமே நீண்டது. தங்கச்சி ஒரு தடவைகூட மீறவில்லை. ரிப்பன்காரி லேசுப்பட்டவள் இல்லை. காலும் கையும் சுத்தமாக இருந்தன. வேண்டுமென்றே பலமான பக்கம் போய் மோதுகிறார்களே என்று பூட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை இரண்டு பேரும். ஐந்துக்கு ஐந்து, பத்துக்குப் பத்து, பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. தங்கச்சி முகமெல்லாம் மணல். பதினாலாவது பாயிண்ட் எதிராளிகளுக்குப் போயிற்று.

எதிர்ப்பக்கத்து சர்வீஸ் அண்ணிக்கு வந்தது. குனிந்து அழகாக எடுத்தாள். தங்கச்சி பந்துக்கு அடியில் ஓடி வந்து, தனக்குத் தெரிந்த அளவில் மிக நல்ல பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். உயரமாக, வலையை விட்டுத் தள்ளி, ஓடி வந்து முழு வீச்சில் அடிக்கிற மாதிரி. ஒரு காலத்தில் அண்ணிக்குப் பிரியமான பந்து அதுதான். அண்ணி ஓடி வந்து எகிறினாள். கை காது வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. இருந்த கையை வைத்து அடித்தாள். பந்து வலையின் மேல் பட்டையில் பட்டு, ஒரு நொடி அங்கேயே நின்று, இவர்கள் பக்கம் விழுந்தது.

கூட்டம் முழுக்க அவசரப்பட்டுவிட்டாள் என்றது. ஒலிபெருக்கிக்காரரும் அதையே சொன்னார். ஏன் விழுந்தது என்று தெரிந்தவன் அத்தனை சனத்தில் ஒரே ஒருவன்தான். அவன் வழக்கம் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வலைக்கு அடியில் கைகொடுக்கும்போது நெட்டைக்காரி நொண்டியது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணி அவள் முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நாற்காலி வரை கூடவே நடந்து போனாள்.

சலவைக்கடைக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நாலு மணிக்கு வேன் வந்தது. மூட்டைகள் இறங்கின. அண்ணி குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து வேலையில் இறங்கிவிட்டாள். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டீயும் ரொட்டியுமாக ஓடிற்று. பூட்டு டீ கொண்டுவந்து வைத்தான், அவள் எடுத்துக் குடித்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டிய பைகளை அவள்தான் சரிபார்ப்பாள். பன்னிரண்டாம் நம்பர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெட்டின சாக்ஸ் கைக்கு வந்ததும் நிறுத்தினாள். அந்த வெட்டுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதப் பாத்துத்தானா," என்றாள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"நம்மள நம்பித்தானே குடுத்தா."

சாக்ஸ் இரண்டையும் ஜோடியாகச் சுருட்டி உள்ளே வைத்து, பையைக் கட்டி, சீட்டை நேராக்கினாள். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

தங்கச்சி அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் அதைத்துப் போயிருந்தது. "அண்ணி, அந்தக் கடைசிப் பந்து நான் நல்லாத்தான குடுத்தேன்?" என்று கேட்டாள். நல்லாத்தான்டி குடுத்தே என்றாள் அண்ணி. அப்புறம் ஏன் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் எழுந்தாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, உலர்ந்த பெரிய விரிப்பு ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை அண்ணியிடம் நீட்டினாள். நாற்பது நாளாக அவள் பெரிய விரிப்பைத் தொடவில்லை. பழைய பழக்கத்தில், தலைக்கு மேல் தூக்கி ஒரே உதறாக உதறினாள்.

அண்ணியின் இடது கை மேலே போயிற்று. வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. நுனி கையை விட்டு நழுவியது. அது தரையைத் தொடுவதற்குள் அதன் அடியில் பூட்டின் கை வந்திருந்தது. அவன் நின்ற இடமும் ஏந்தின விதமும், தினமும் இதைச் செய்கிறவனுடையது மாதிரி இருந்தது.

தங்கச்சி விரிப்பைப் பிடித்தபடியே நின்றாள். "கையத் தூக்குங்க அண்ணி," என்றாள் மெதுவாக.

அண்ணி தூக்கவில்லை.

தங்கச்சி அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"நாப்பது நாள் இருக்கும்."

அவள் விரிப்பை மேஜை மேல் வைத்தாள். "தெரிஞ்சிருந்தா தாழ்வாக் குடுத்திருப்பேனே," என்றாள். "வலையோரமா, அண்ணி மூக்குக்கு நேராக் குடுத்திருப்பேன். வெரல் முட்டியால தட்டி விட்டிருந்தாலே போதும், விழுந்திருக்கும். அவங்க பக்கம் அந்த எடத்துல யாருமே இல்ல. எவளோ ஒருத்தி காலப் பத்திச் சொல்லத் தெரிஞ்சுது ஒனக்கு. இதச் சொல்ல வாய் வரலையா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குழாயடிக்கு முகம் கழுவப் போய்விட்டாள். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைக்குள் இரண்டு பேர் மட்டும். கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே கொடியில் துண்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கயித்த எறக்கிக் கட்டுனீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும். இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கவனித்திருப்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

"நீ மறைக்கிற," என்றான். "மறைக்கிறத நான் எதுக்குக் கிண்டணும்னுதான்…"

"எங்கப்பா துணியக் கொண்டாந்தப்ப நீங்க ஒண்ணும் கேக்கல. சாமி மாதிரி இருந்துச்சு எனக்கு. சரி, அன்னைக்கு நான் யாரோ. இன்னைக்கும் நான் மூட்டை கொண்டாற வாடிக்கையாங்க?"

அவன் மேஜை மேல் கிடந்த விரிப்பின் நுனியை இழுத்து நேராக்கினான்.

"கயிறு கீழ எறங்கியிருந்தத மொதல்ல பாத்தப்ப அழுகையே வந்துச்சு, தெரியுமா. இன்னைக்கு ராத்திரி கேப்பாரு, சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல. மறுநா கேப்பீங்கன்னு இருந்தேன். பெரிய விரிப்ப மேஜ மேல போட்டு மடிக்கிறீங்க, நான் தூங்குற பக்கத்த மாத்திப் போடுறீங்க, எல்லாம் செய்யிறீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கிறீங்க. எனக்கா சொல்ல வெக்கமா இருந்துச்சு. வயசாயிடுச்சுன்னு நானே சொல்ற மாதிரி இருந்துச்சு. நீங்க ஒரு நா கேட்டிருந்தாப் போதும், ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பேன், அவகிட்டயும் சொல்லியிருப்பேன். நாப்பது நாளா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

இருபது வருஷமாக எதைத் தன் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தானோ, அது ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு ஆளைத் தனியாக நிற்க வைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நாற்பது நாள் பக்கத்திலேயே படுத்திருந்தாள்.

இஸ்திரிப் பெட்டி சுட்டுக்கொண்டே இருந்தது. போய் சுவிட்சை அணைத்தான். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். பன்னிரண்டாம் நம்பர் பையைப் பார்த்தான், அவள் தோளைப் பார்த்தான். அதைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல், தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள். "ரொம்ப வலிக்குதுங்க."

அவள் தலை அவன் நெஞ்சில் சாய்ந்தது. உயரம் அவளுக்குத்தான் அதிகம்; கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. அழுது ஓய்ந்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அழுத அதே பெஞ்சு. எந்த இடத்தில் என்று கேட்டான். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்கிறது என்றாள். என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டான். தகுதிப் போட்டியின் கடைசிப் பந்தில், அதை அடித்துத்தான் ஜெயித்தோம் என்றாள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டான்.

தங்கச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாசற்படியில் அப்படியே நின்றாள். அண்ணி முதுகுக்குப் பின்னால் கையை மடக்கிக் காட்டினாள், இப்போது வராதே என்று. தங்கச்சி ஓசைப்படாமல் பின்வாங்கி, கொல்லைக்குப் போய்க் காய்ந்த துண்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். கயிறு ஒரு சாண் இறங்கியிருந்ததால் அவளுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. இத்தனை நாள் அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. உள்ளே பூட்டு அடுத்த கேள்வியைக் கேட்பது அவள் காதில் விழுந்தது.